14 பேரு இருக்கிற ஆஃபீஸுக்கு எந்த காபி மெஷின்? அலசிப் பாத்ததும் கடைசில வாங்கினதும்

எங்க ஆஃபீஸ் கோயமுத்தூர் பீளமேட்டுப் பக்கம், ரெண்டாவது மாடி, மொத்தமே 14 பேருதான். காபி கீழ இருக்கிற பேக்கரில இருந்து வரும், காலைல 11 மணிக்கு ஒரு பிளாஸ்க், சாயந்தரம் 4 மணிக்கு ஒரு பிளாஸ்க். வருஷக்கணக்கா அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. போன தை மாசம் எங்க சார் ஏதோ ஒரு கிளையன்ட் ஆஃபீஸுக்குப் போயி பட்டன அமுக்குனா காபி வர்ற மெஷின்ல குடிச்சுட்டு வந்துட்டாரு, வந்தவரு நேரா என் டேபிளுக்கு வந்து "நம்மளும் ஒரு எஸ்பிரஸ்ஸோ மெஷின் போட்டுரலாம், நீயே பாத்து சொல்லு"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு. நான் பாக்குறது அக்கவுன்ட்ஸ் வேலை. ஆனா ஏசி சர்வீஸ்ல இருந்து தண்ணி கேன் வரைக்கும் என் தலைலதான் விடியும், அதோட இதுவும் சேந்துருச்சு.

விஷயம் வெளிய தெரிஞ்சதும் பாதிப் பேரு கேட்டது, "கல்யாண வீட்ல புஸ்ஸுன்னு சத்தம் போடுமே, மேல சாக்லேட் பொடி தூவிக் குடுப்பாங்களே, அதுவா?"ன்னு. நம்மூர்ல எஸ்பிரஸ்ஸோன்னா ரொம்ப நாளா அதுதானே. இன்ஸ்டன்ட் காபியும் சக்கரையும் போட்டு அடிச்சு, பால்ல நீராவிய விட்டு நுரை கட்டுறது. அதுக்கும் ஒரு ருசி இருக்கு, பந்தில சாப்ட்டுட்டு வந்து வரிசைல நின்னு குடிச்சவங்களுக்குத் தெரியும். ஆனா இத்தாலிக்காரங்க சொல்ற எஸ்பிரஸ்ஸோ வேற. நைசா அரைச்ச காபித்தூள் ஒரு 18 கிராம இறுக்கி அமுக்கி வச்சு, 90 டிகிரிக்கு மேல சூடா இருக்கிற தண்ணிய 9 பார் பிரஷர்ல அதுக்குள்ள தள்ளி, 25, 30 செகண்டுக்குள்ள 36 கிராம் போல எறக்குறது. 9 பார்னா கார் டயர்ல இருக்கிற காத்து மாதிரி நாலு மடங்கு. வெறும் நீராவிய மட்டும் நம்புன அந்தக்காலத்து மெஷினெல்லாம் 1.5 பாரத் தாண்டல, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் மிலன்ல கஜ்ஜியாங்கிறவரோட லிவர் மெஷின், அதாவது நீளமான கைப்பிடிய இழுத்து பிரஷர் குடுக்கிறது, வந்தப்பதான் மேல பொன்னிறமா ஒரு நுரை நிக்கிற காபி ஜனங்களுக்குக் கெடச்சுச்சு, அந்த நுரையத்தான் கிரேமான்னு சொல்றாங்க.

இத எதுக்கு சொல்றேன்னா, கடைல போனீங்கன்னா ஒவ்வொரு டப்பா மேலயும் 15 பார், 20 பார்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அது பம்பு அதிகபட்சமா எவ்வளவு தள்ளும்ங்கிற கணக்கு, காபி எறங்குறப்ப வேணுங்கிறது 9தான். 20 பார் மெஷின் 15 பார் மெஷின விட ஒசத்தின்னு சேல்ஸ் பையன் சொன்னா தலைய ஆட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருங்க.

நான் மொதல்ல உக்காந்து பண்ணது கணக்கு. 14 பேர்ல ரெண்டு பேரு டீ மட்டும்தான், மிச்சம் 12 பேரு ஒரு நாளைக்கு ரெண்டு காபி, அப்பப்ப வர்ற ஆளுங்களையும் சேத்தா 28 கப்பு. மாசத்துக்கு 22 வேலை நாள், ஆக 600 கப்புக்குக் கொஞ்சம் மேல. இதுல முக்கியமான விஷயம், இந்த 28 கப்பு நாள் பூரா சாவகாசமா போறது இல்ல, 11 மணிக்கு 12 பேரும் ஒட்டுக்கா எந்திரிச்சு வருவாங்க. ரெண்டாவது முக்கியமான விஷயம், அந்த 12 பேர்ல பதினொரு பேருக்குப் பால் காபிதான், பெரும்பாலும் சக்கரையோட, கை சுடற மாதிரி. கருப்பா குடிக்கிறது ஜிம்முக்குப் போற ஒரே ஒரு பையன் மட்டும். மூணாவது, எங்க பேன்ட்ரி அக்கா காலைல வந்து மதியம் 2 மணிக்குப் போயிருவாங்க, அதுக்கப்புறம் ஒரு டம்ளரக் கழுவணும்னாலும் நாமதான் கழுவணும். இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுதான் மத்ததப் பாத்தேன், இத எழுதாம நேரா ஆன்லைன்ல போயி ஸ்டார் ரேட்டிங் பாத்திருந்தா இந்நேரம் சார் கிட்ட திட்டு வாங்கியிருப்பேன்.

பேக்கரி காபியையே தொடர்ந்தா என்ன? கப்பு 15 ரூபான்னு வச்சாலும் மாசம் 9,000. மெஷின் செலவு இல்ல, கழுவுற வேலை இல்ல. பிளாஸ்க்ல கடைசி ஆளுக்கு வர்றப்ப ஆடை மெதக்கும், லேட்டா வந்தவங்களுக்குக் கெடைக்காது, அவ்வளவுதான் குறை. நேர்மையா சொன்னா ஆறு ஏழு பேரு இருக்கிற ஆஃபீஸா இருந்தா இதையே விட்டுட்டு வேற வேலையப் பாருங்கன்னுதான் சொல்லுவேன்.

அடுத்தது பிரீமிக்ஸ் வெண்டிங் மெஷின். பால் பவுடர், சக்கரை, இன்ஸ்டன்ட் காபி எல்லாம் கலந்த பொடி, வெந்நி மட்டும் சேரும். கப்புக்கு 14, 15 கிராம் பொடி போகுது, ஒரு கிலோவுல 65, 70 கப்பு வரும், கணக்குப் போட்டா இதவிட சல்லிசா எதுவுமே இல்ல, மெஷினையே சும்மா குடுத்துட்டு மாசம் இத்தன கிலோ பொடி எங்க கிட்டதான் எடுக்கணும்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. நான் இதுக்கு முன்னாடி வேலை பாத்த எடத்துல இந்த மெஷின்தான். பொடியும் வெந்நியும் கலக்குற கிண்ணம் ஒண்ணு உள்ளுக்குள்ள இருக்கும், அதத் தெனமும் கழட்டிக் கழுவணும், அங்க யாரும் கழுவல. ஒரு நாள் மூடியத் தெறந்து பாத்தப்ப உள்ள எறும்பு வரிசையா போயிட்டு இருந்துச்சு. அன்னில இருந்து எனக்கு அது ஒத்துக்கல. சக்கரை வேண்டாம்ங்கிறவங்களுக்கும் கஷ்டம், சக்கரை இல்லாத பொடின்னு தனியா வாங்கி தனி டப்பால கொட்டணும், எங்க ஆஃபீஸ்ல மூணு பேருக்கு சுகரு. இதுலயே நெசப் பாலும் நெச டிகாக்ஷனும் ஊத்தி வக்கிற மெஷின் ஒண்ணு வருது, கான்டீன்லயெல்லாம் பாத்திருப்பீங்க, ஒரு பக்கம் பால் சூடாவே இருக்கும், இன்னொரு பக்கம் டிகாக்ஷன். அது நல்ல மெஷின்தான், ஆனா 40, 50 பேரு குடிக்கிற எடத்துக்குத்தான் கட்டும். 12 பேருக்குன்னா பால் நாள் பூரா சூட்டுலயே கெடந்து ஒரு மாதிரி வாடை வந்துரும்.

கேப்ஸ்யூல் மெஷினப் பாத்ததும் எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. நெஸ்பிரஸ்ஸோ மாதிரி, அலுமினியக் குப்பி ஒண்ணப் போட்டு மூடி அமுக்குனா அரை நிமிஷத்துல காபி. தூள் சிந்தாது, கிரைண்டர் சத்தம் இல்ல, கழுவறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம், மெஷின் வெலையும் கம்மி. ஒரு குப்பில காபித்தூள் 5 கிராம் சொச்சம்தான் இருக்கும், எஸ்பிரஸ்ஸோவா குடிச்சா அது போதும், ஆனா நம்ம டம்ளர் அளவுக்குப் பால் ஊத்துனா காபி எங்கயோ தூரத்துல கேக்குற பாட்டு மாதிரி ஆயிருது. ரெண்டு குப்பி போடணும். ஒரு குப்பி 50 ரூபான்னு கொறச்சலாவே வச்சு, கப்புக்கு ஒண்ணுன்னு போட்டாலும் 600 கப்புக்கு மாசம் 30,000. நான் இத சார் கிட்ட காட்டுனப்ப அவரு கேட்ட ஒரே கேள்வி, "வருஷத்துக்கா?". ஒரு வக்கீல் ஆஃபீஸ், டாக்டர் ரூமு, ஒரு நாளைக்கு நாலஞ்சு கப்பு, வர்றவங்க முன்னாடி கௌரவமா ஒண்ணு வக்கணும்னா இது சரி. காலிக் குப்பிய எங்க கொண்டுபோயி போடுறதுங்கறதையும் யோசிச்சுக்கோங்க, உள்ள ஈரத் தூளு, வெளிய அலுமினியம், நம்ம குப்பை வண்டில அது எந்தக் கூடைக்கும் சேராது.

இப்ப நெசமான எஸ்பிரஸ்ஸோ மெஷின், அதாவது காபிக் கடைல இருக்கிற மாதிரி கைப்பிடி போட்டுத் திருகுறது, செமி ஆட்டோமேட்டிக்ம்பாங்க. எங்க டிசைன் டீம்ல ஒருத்தன் இருக்கான், வீட்ல இது வச்சிருக்கான், இதுக்காக ரெண்டு வாரம் என்னத் தூங்கவிடல. டிலாங்கி டெடிக்கா ஒல்லியா இருக்கும், 15 சென்டிமீட்டர் அகலம்தான், பேன்ட்ரி மேடைல எடம் அடைக்காது. பிரெவில் பம்பினோ மூணே செகண்டுல சூடாகும்ங்கறாங்க. கஜ்ஜியா கிளாசிக்னா கடைக்காரங்க வச்சிருக்கிற அதே 58 மில்லிமீட்டர் கைப்பிடி, பெரிய மெஷினோட கருவிங்கள்லாம் இதுக்கும் பொருந்தும், ரிப்பேர் பண்ணிப் பண்ணி வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. ருசின்னு மட்டும் பாத்தா இதுக்குப் பக்கத்துல எதுவும் வராது, அவன் ஒரு நாள் வீட்ல இருந்து தூக்கிட்டு வந்து போட்டுக் குடுத்தான், சத்தியமா நல்லா இருந்துச்சு.

ஆனா நான் அன்னிக்கு மொபைல்ல டைம் வச்சுப் பாத்தேன். தூள் அரைச்சு, எடை போட்டு, சமன் பண்ணி, அமுக்கி, எறக்கி, பால நுரை கட்டி, கொழாயத் தொடச்சு, சக்கையத் தட்டிப் போட்டு, ஒரு கப்புக்கு மூணு நிமிஷம், அதுவும் அவன் கை வேகத்துக்கு. 12 பேருக்கு 36 நிமிஷம். 11 மணிக்கு ஆரம்பிச்சா கடைசி ஆளு 11.36க்குக் குடிப்பாரு, அதுக்குள்ள மொதல் ஆளு அடுத்த கப்புக்கு வந்து நிப்பாரு. அதோட இதுக்கு கிரைண்டர் தனியா வாங்கணும், நல்ல கிரைண்டர் மெஷின் வெலைக்குப் பக்கத்துல வரும். கிரைண்டர் வேண்டாம், தூளாவே வாங்கிக்கலாம்னா, அரைச்ச தூளு சீக்கிரமே வாசம் போயிரும், எறங்குற வேகமும் பை பிரிச்ச அன்னிக்கு ஒண்ணு மறு வாரம் ஒண்ணு. கம்மி வெலை மெஷின்ல ரெட்டை அடி வச்ச வடிகட்டி குடுக்கறாங்க, சின்ன ஓட்டை ஒண்ணு வழியா பிரஷர உண்டாக்கி நுரைய வர வக்கிறது, எந்தத் தூளப் போட்டாலும் பாக்கறதுக்கு எஸ்பிரஸ்ஸோ மாதிரியே இருக்கும், ருசில கொஞ்சம் மாவு மாதிரி தெரியும், பால் ஊத்துனா யாருக்கும் தெரியாது. எல்லாத்துக்கும் மேல, இத நல்லாப் போடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் லீவு போட்டா? அவன் வேலைய விட்டுப் போனா? காபி போடறதுக்காக ஒருத்தனுக்கு இன்க்ரிமென்ட் குடுக்க முடியாதுன்னு சார் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு.

ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி மெஷின் எதுலயுமே நம்ம ஃபில்டர் காபித்தூள், சிக்கரி கலந்தது, போட்டுறாதீங்க. கடைல வாங்குற பாக்கெட்ல பின்னாடி பாருங்க, 70:30, 60:40ன்னு இருக்கும், சட்டப்படி 49% வரைக்கும் சிக்கரி கலக்கலாம். சிக்கரி ஊறுனா பசை மாதிரி ஆயிரும், பிரஷர்ல வடிகட்டி அடைச்சுக்கும். அவன் அதப் போட்டுக் காட்டுனான், ஒரு சொட்டு எறங்கல.

மிச்சம் இருந்தது பீன் டு கப், முழு ஆட்டோமேட்டிக். மேல கொட்டையக் கொட்டுனா அதே அரைச்சு, அமுக்கி, எறக்கி, சக்கையையும் உள்ள ஒரு டப்பால தள்ளிக்கும். டிலாங்கி மேக்னிஃபிகா, பிலிப்ஸ் 3200 ரெண்டும்தான் இந்த ரேஞ்சுல அடிக்கடி காதுல விழுற பேரு, ரெண்டுலயும் தண்ணி டேங்கு 1.8 லிட்டர். ஜூரான்னு ஸ்விட்சர்லாந்து மெஷின் ஒண்ணு இருக்கு, நல்லாத்தான் இருக்கு, வெலையக் கேட்டுட்டு ஃபோன மெதுவா வச்சுட்டேன். ஜூராவுல காபி எறங்குற அந்த உள் பாகத்த நாம கழட்ட முடியாது, மாத்திரை போட்டு மெஷினே கழுவிக்கும். மத்த ரெண்டுலயும் கழட்டி பைப்புல காட்டிக் கழுவலாம். நம்மூர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கழட்டிப் பாக்க முடியறதுதான் எனக்கு மனசுக்கு நிம்மதி, கண்ணால பாத்தாத்தான் சுத்தம்னு நம்புற ஜாதி நாம.

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணப் பாத்தேன். பட்டன அமுக்குனா பாலும் சேந்து வர்ற மாடல்தான் வாங்கணும்னு முடிவே பண்ணிட்டேன், வெலை அதுக்குத் தனியா ஏறும், சார் குடிச்சதும் அந்த மாதிரிதான். ஷோரூம்ல டெமோ குடுத்தாங்க, கூட அக்காவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். நுரை எல்லாம் பஞ்சு மாதிரி வந்துச்சு. அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா ஆறிப் போன மாதிரி இருக்குதே"ன்னாங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு, சொல்லக் கூச்சமா இருந்துச்சு. மெஷின் மேல தப்பில்ல. இத்தாலிக் கணக்குக்குப் பால் 60, 65 டிகிரிலதான் நல்லா இருக்கும், இனிப்பாத் தெரியும், 70ஐத் தாண்டுனா ருசி மாறிடும், அதனால மெஷின அந்த சூட்டுலதான் நிறுத்தி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்குப் பால்னா பொங்கி எறங்கணும், டபராவுல ஆத்தித்தான் குடிக்கணும். 60 டிகிரிப் பால, ஏசி ரூமுல, பீங்கான் கப்புல ஊத்துனா ரெண்டாவது வாய்க்கே ஆறிடும். "சூடே இல்ல"ன்னு 11 பேரும் சொல்லப் போற அந்த மொதல் நாளு எனக்கு அங்கயே கண்ணு முன்னாடி வந்துருச்சு.

ரெண்டாவது, கழுவுறது. பால் போற பாதைய அன்னன்னிக்குக் கழுவியே ஆகணும். சிலதுல டியூப் வழியா பால் போகும், அந்த டியூபுக்குள்ள பால் காஞ்சு ஒட்டுனா நம்ம மே மாசத்து வெயில்ல மறுநாளே தெரிஞ்சுரும். பிலிப்ஸோட லாட்டேகோங்கிற பால் ஜாடில டியூப் கெடையாது, ரெண்டே பாகம், கழட்டுனா கழுவிரலாம், அது நல்ல யோசனைதான், ஆனா அந்தக் கிண்ணம் புடிக்கிறதே கால் லிட்டர் சொச்சம், ரெண்டு மூணு பேருக்கு ஒரு தடவ ரொப்பணும். பாலோட ஒரு கப்புக்கு ஒன்றரை நிமிஷம், 12 பேருக்கு 18 நிமிஷம். சாயந்தரம் 4 மணிக்குக் குடிச்சுட்டு எல்லாரும் போயிருவாங்க, அக்காவும் இல்ல, அந்தக் கிண்ணத்த யாரு கழுவுவாங்கன்னு நான் ஒரு நாள் லஞ்ச்ல கேட்டேன். எல்லாரும் தயிர் சாதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பஸ்ஸுல வீட்டுக்குப் போயிட்டு இருக்கிறப்பதான் தோணுச்சு, பால எதுக்கு மெஷின் கிட்டக் குடுக்கணும்? பேன்ட்ரில இண்டக்ஷன் அடுப்பு ஏற்கெனவே இருக்கு. அக்கா தெனமும் பால் காய்ச்சத்தான் செய்யறாங்க, டீ குடிக்கிற அந்த ரெண்டு பேருக்கு. மெஷின டிகாக்ஷன் எறக்குறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டா? பால் ஜாடி இல்லாத அடி மாடல், பக்கத்துல சும்மா ஒரு நீராவிக் கொழாய் மட்டும் இருக்கிறது, வெலையும் நல்லாவே கம்மி. ரெண்டு கப்ப ஒட்டுக்கா வச்சா ஒரு நிமிஷத்துல ரெண்டு எஸ்பிரஸ்ஸோ எறங்குது, 12 பேருக்கு ஆறு தடவ, ஏழு நிமிஷத்துல முடிஞ்சுது. மேல கொதிக்கிற பால அவங்கவங்களே ஊத்திக்கலாம், சக்கரை வேணுங்கறவங்க போட்டுக்கலாம். கழுவறதுக்கு ஒரு பால் பாத்திரம், அது எப்பவும் கழுவுறதுதான்.

அப்படின்னா எதுக்குடா மெஷினு, பேசாம ஒரு பெரிய ஃபில்டர் வாங்கிரலாமேன்னு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன். வாங்குற வெலைல ஃபில்டர்தான் இருக்கறதுலயே மலிவு, எவர்சில்வர் ஃபில்டர் ஒண்ணு என்ன வெலை வந்துரும், கரண்ட்டுல ஓடுற டிரிப் காபி மேக்கர் கூட வேண்டாம். காலைல முதல் டிகாக்ஷன் காபிய எந்த மெஷினும் ஜெயிக்காது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பிரச்சனை என்னன்னா அக்கா 10 மணிக்குப் போட்டு வச்ச டிகாக்ஷன் 4 மணிக்கு மண்டையப் போட்டுருது, மறுபடி போடணும்னா வெந்நி ஊத்தி 20 நிமிஷம் காத்திருக்கணும், தூள் அளவு, தட்டுறது, சூடு எல்லாம் கைப்பழக்கம். நடுவுல 12.30க்கு ஒரு ஆளு வந்தா ஒரே ஒரு கப்பு போட முடியாது. மெஷின்ல எப்ப அமுக்குனாலும் அப்ப அரைச்ச கொட்டைல இருந்து புதுசா ஒரு கப்பு, யாரு அமுக்குனாலும் ஒரே ருசி. இந்த ரெண்டுக்காகத்தான் காசு குடுக்கறோம், நுரைக்காக இல்ல. உங்க ஆஃபீஸ்ல நாள் பூரா ஒரு ஆளு பேன்ட்ரில இருந்தாங்கன்னா ஃபில்டரே போதும், இத மேல படிக்கக்கூட வேண்டாம்.

ஆக, கடைசில வாங்கினது பால் ஜாடி இல்லாத அந்த அடி மாடல் பீன் டு கப்தான். வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் விசாரிச்சேன், மூணும் கடைக்காரங்க தானாச் சொல்ல மாட்டாங்க.

மொதல்ல வாரன்ட்டி. வீட்டு உபயோக மெஷின்ல நிறைய மேனுவல்ல "வீட்டு உபயோகத்துக்கு மட்டும், ஆஃபீஸ் பேன்ட்ரிக்கு இல்ல"ன்னு சின்ன எழுத்துல இருக்கும். நம்ம பில்லு கம்பெனி பேருல ஜிஎஸ்டி நம்பரோட இருக்கும், நாளைக்கு சர்வீஸுக்குப் போனா கைய விரிச்சுருவாங்க. ஆஃபீஸ்ல வக்கிறோம், ஒரு நாளைக்கு 28 கப்புன்னு தெளிவா மெயில் போட்டு பதில் வாங்கிட்டுதான் நான் வாங்கினேன். ஒரு கடைல அந்தக் கேள்விக்கே பதில் வரல, அந்தக் கடைய விட்டுட்டேன். சர்வீஸ் ஆளு இங்க வருவாரா, இல்ல மெஷின டப்பால கட்டி வெளியூருக்கு அனுப்பணுமான்னும் கேளுங்க, அனுப்பணும்னா அந்த மூணு வாரத்துக்கு என்ன குடிக்கறது?

அடுத்தது தண்ணி. சிறுவாணித் தண்ணி வர்ற வீடா இருந்தா கவலையே இல்ல, உப்பே இருக்காது. எங்க பில்டிங்ல போர் தண்ணி, தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பக் காட்டுற டிடிஎஸ் மீட்டர விட்டுப் பாத்தப்ப 1,100 காட்டுச்சு. இத ஊத்துனா மெஷின் உள்ள இருக்கிற சின்னச் சின்ன கொழாயெல்லாம் வெந்நி கெய்சர் மாதிரி வெள்ளையா கட்டிக்கும். அதுக்காக ஒரேயடியா உப்பே இல்லாத ஆர்ஓ தண்ணியும் நல்லதில்ல, காபி சப்புன்னு இருக்கும், காபிக்கு டிடிஎஸ் 150 பக்கம் இருந்தா நல்லதும்பாங்க. நாங்க கேன் தண்ணிதான் ஊத்தறோம், மெஷினோட வர்ற, தண்ணியச் சோதிக்கிற பேப்பர் பட்டைய தண்ணில முக்கி, அது காட்டுற எண்ண மெஷின்ல செட் பண்ணிட்டா உப்பு எடுக்கச் சொல்லி அதுவே லைட் போடும். அதுக்குன்னு விக்கிற கரைசல வாங்கி ஊத்துங்க, வினிகர ஊத்தாதீங்க, ரப்பர் வாஷரெல்லாம் போயிரும், வாசமும் போகாது.

அப்புறம் கரண்ட்டு. இந்த மெஷினெல்லாம் 1,450, 1,500 வாட் இழுக்கும், அதாவது 6 ஆம்பியருக்கு மேல. கம்ப்யூட்டர் சொருகுற சின்ன பிளக்குல சொருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட்டு தனியா வேணும், எலக்ட்ரீசியனக் கூப்ட்டு இழுத்தோம். யூபிஎஸ் லைன்ல தப்பித்தவறி மாட்டிறாதீங்க, ஒரு காபிக்கு எல்லார் சிஸ்டமும் ஆஃப் ஆயிரும்.

கொட்டை விஷயத்துல மொதல் மாசம் சொதப்பல்தான். பெருமைக்கு 100% அராபிகாங்கிற ரகம், லேசா வறுத்தது வாங்கிட்டேன், பாக்கெட்ல ஆரஞ்சு, பெர்ரின்னு என்னென்னமோ எழுதியிருந்துச்சு. பால் ஊத்துனதும் "புளிக்குது"ன்னு ஒரே குரல்ல சொன்னாங்க, சிக்கரி பழகுன நாக்குக்கு அது டிகாக்ஷனே இல்ல. பால் காபிக்கு ரோபஸ்டாங்கிற இன்னொரு ரகத்தையும் கலக்கணும், கசப்பும் கனமும் அதுல இருந்துதான் வரும், கிரேமாவும் நல்லா நிக்கும். இப்ப உள்ளூர்ல வறுக்குற ஒருத்தர் கிட்ட அராபிகா 60, ரோபஸ்டா 40, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல வறுத்தது வாங்கறோம். ரொம்பக் கருப்பா எண்ணெய் மின்னுற கொட்டை வேண்டாம், அது கிரைண்டர்ல ஒட்டிக்கிட்டு கீழ எறங்காது. கப்புக்கு 9 கிராம், மாசம் அஞ்சரை கிலோ, கிலோ 1,200னு வச்சா கப்புக்கு 11 ரூபா, பாலுக்கு 6 ரூபா, சக்கரையோட 18க்குள்ள நிக்குது. பேக்கரி காபிய விட மூணு ரூபா அதிகம். சார் கிட்ட மறைக்காம சொல்லிட்டேன், இதுல காசு மிச்சம் ஆகாதுன்னு. பாலு ஆவின் பச்சை பாக்கெட், 4.5% கொழுப்பு. நீலத்துல 3%தான், தண்ணியா இருக்கு. ஆரஞ்சு பாக்கெட் 6%, அது வாங்குன வாரம் பாத்திரத்துல ஒட்டுன ஆடையச் சொரண்ட முடியலன்னு அக்கா தடை போட்டுட்டாங்க.

மெஷின் வந்து அஞ்சு மாசம் ஆச்சு. சக்கை டப்பா இந்த மாதிரி மெஷின்கள்ல 12, 14 காபிக்கே ரொம்பிரும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ கொட்டணும், கொட்டலன்னா மெஷினு காபி குடுக்காது, யாரு அமுக்கறப்ப லைட் எரியுதோ அவங்க கொட்டணும்ங்கறது சட்டம். சக்கை எல்லாம் மாடித் தொட்டிச் செடிக்குப் போகுது. சித்திரைல சேந்தாப்ல மூணு நாள் லீவு விட்டப்ப யாரும் கொட்டாமப் போயிட்டோம், திரும்பி வந்து தெறந்தா உள்ள பச்சையா பூஞ்சை, அன்னில இருந்து லீவுக்கு முன்னாடி உள் பாகத்தக் கழட்டிக் கழுவி மேடை மேல காய வச்சுட்டுத்தான் கதவ சாத்தறோம். கிரைண்டர் சத்தம் ஒரு தொந்தரவுதான், கிளையன்ட் கால் ஓடிட்டு இருக்கறப்ப பேன்ட்ரிக் கதவ சாத்திக்கணும்.

அக்கா மதியம் கெளம்பறதுக்கு முன்னாடி பால நல்லாக் காய்ச்சி ஆறவச்சு ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுப் போறாங்க, 4 மணிக்கு அத சூடு பண்றதுக்கு முறை போட்டு ஒட்டியிருக்கோம், பேரு வாரியா. ரெண்டு தடவ பொங்கி அடுப்பு நனைஞ்சிருக்கு, ரெண்டு தடவையும் அந்த செமி ஆட்டோமேட்டிக் பையன் முறை. சிக்கரி இல்லாம முடியவே முடியாதுன்னு ரெண்டு பேரு இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க, அதுல ஒருத்தர் எங்க சாரு. அவங்களுக்காக ஒரு சின்ன ஃபில்டர் மெஷினுக்குப் பக்கத்துலயே நிக்குது.